கென்சிங்டனின் 150 வாக்குகள்: பிரெக்ஸிட் காலத் தந்திரோபாய வாக்களிப்பு ஒரு பார்வை

2019 டிசம்பர் 12 ஆம் திகதி நடைபெற்ற பிரித்தானியப் பொதுத் தேர்தலில், லண்டனின் கென்சிங்டன் தொகுதியில் கொன்சர்வேடிவ் வேட்பாளர் ஃபெலிசிட்டி புக்கான் 16,768 வாக்குகள் பெற்று வெற்றியடைந்தார். பதவியிலிருந்த தொழிற்கட்சி உறுப்பினர் எம்மா டென்ட் கோட் 16,618 வாக்குகள் பெற்றார். வித்தியாசம் 150. மூன்றாவதாக வந்த லிபரல் ஜனநாயகக் கட்சியின் சாம் ஜிமா 9,312 வாக்குகளைப் பெற்றிருந்தார்.

2016 சர்வஜன வாக்கெடுப்பில் கென்சிங்டன் வாக்காளர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு மேல் ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிக்க வேண்டும் என வாக்களித்தவர்கள். மூன்று ஆண்டுகளின் பின் அதே தொகுதி, 'பிரெக்ஸிட்டை முடித்து வைப்போம்' என்ற பிரசாரத்துடன் களமிறங்கிய கட்சியின் வேட்பாளரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. ஜிமாவுக்கு வாக்களித்தவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர் மாற்றி வாக்களித்திருந்தாலே முடிவு வேறாக இருந்திருக்கும்.

இது எப்படி நடந்தது என்ற கேள்விக்கான விடை, 'தந்திரோபாய வாக்களிப்பு' என்ற சொற்றொடருக்குள் இருக்கிறது. 2016 முதல் 2019 வரை ஐரோப்பிய சார்பு வாக்காளர்கள் இந்த உத்தியை எங்கெங்கே கையாண்டார்கள், எங்கே அது பலித்தது, எங்கே தோற்றது, ஏன் தோற்றது என்பதை ஓரிடத்தில் தொகுத்துத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம். தேர்தல் முறைகளைப் பற்றி எழுதிவரும் ஒருவர் என்ற வகையில், வாக்காளர்களின் எண்ணிக்கைக்கும் அவர்களது ஒழுங்கமைவுக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணத்தை நான் கண்டதில்லை.

தந்திரோபாய வாக்களிப்பு என்றால் என்ன?

பிரித்தானியாவில் 650 தொகுதிகள். ஒவ்வொரு தொகுதியிலும் அதிக வாக்குப் பெற்றவர் வெற்றியாளர். அவர் ஐம்பது வீதத்தைத் தாண்ட வேண்டியதில்லை. இரண்டாமவரை விட ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றாலே போதும். மற்ற எவருக்கும் அளிக்கப்பட்ட வாக்குகள் எந்த ஆசனத்தையும் தருவதில்லை.

இம்முறையில் ஒரு வாக்காளருக்கு மிகவும் பிடித்த கட்சி தன் தொகுதியில் மூன்றாம் அல்லது நான்காம் இடத்தில் இருந்தால் அவருக்கு இரண்டு தெரிவுகள் உள்ளன. பிடித்த கட்சிக்கே வாக்களித்துத் தன் கருத்தைப் பதிவு செய்யலாம். அல்லது, தான் விரும்பாத கட்சியைத் தோற்கடிக்கக் கூடிய வேட்பாளருக்கு, அவர் தன் முதல் தெரிவாக இல்லாத போதும், வாக்களிக்கலாம். இரண்டாவது வழியே தந்திரோபாய வாக்களிப்பு. தொகுதிவாரி முறை காலப்போக்கில் இரு கட்சிப் போட்டியை நோக்கியே தள்ளும் என்று பிரெஞ்சு அரசறிவியலாளர் மொரிஸ் டுவெர்ஜே கூறியதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம்.

இலங்கை வாசகருக்கு இது அந்நியமானதல்ல. 1978 யாப்புக்கு முன்னர் நாமும் இதே முறையில்தான் வாக்களித்தோம். 1970 தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி 37.9 வீத வாக்குகளைப் பெற்றும் 17 ஆசனங்களையே பெற்றது. 36.9 வீதம் பெற்ற ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி 91 ஆசனங்களைப் பெற்றது. சுதந்திரக் கட்சி, லங்கா சமசமாஜக் கட்சி, கம்யூனிஸ்ட் கட்சி ஆகிய மூன்றும் தமக்குள் போட்டியைத் தவிர்த்துத் தொகுதிகளைப் பங்கிட்டுக் கொண்டது அதற்கு ஒரு முக்கிய காரணம். இது கட்சிகள் மேலிருந்து செய்யும் ஏற்பாடு. கட்சிகள் உடன்படாத இடத்தில் வாக்காளர்கள் கீழிருந்து தாமாகவே செய்ய முயல்வது தந்திரோபாய வாக்களிப்பு. பிரெக்ஸிட் காலத்தில் பிரித்தானியாவில் இரண்டும் முயன்று பார்க்கப்பட்டன.

ரிச்மண்ட் பார்க்கும் பிரெக்கனும்

2016 ஜூன் 23 வாக்கெடுப்பில் வெளியேறும் தரப்பு 51.9 வீதமும் நீடிக்கும் தரப்பு 48.1 வீதமும் பெற்றன. ஒரு கோடியே அறுபத்தொரு இலட்சம் பேர் நீடிக்க வாக்களித்திருந்தார்கள். தோற்றாலும், அது எந்தத் தனிக் கட்சிக்கும் எளிதில் கிடைக்காத எண்ணிக்கை.

அந்த எண்ணிக்கையின் பலம் முதலில் தெரிந்தது 2016 டிசம்பர் 1 ஆம் திகதி நடந்த ரிச்மண்ட் பார்க் இடைத்தேர்தலில். ஹீத்ரோ விமான நிலையத்தின் மூன்றாவது ஓடுபாதைத் திட்டத்தை எதிர்த்துப் பதவி விலகிய ஸக் கோல்ட்ஸ்மித் சுயேச்சையாகப் போட்டியிட்டார். தேர்தல் ஓடுபாதையைப் பற்றியதாக இருக்கும் என அவர் எதிர்பார்த்திருக்கக் கூடும். ஆனால் நீடிக்கும் ஆதரவு மிகுந்த அத்தொகுதியில் அது பிரெக்ஸிட் பற்றிய தேர்தலாகியது. பசுமைக் கட்சி போட்டியிடாமல் விலகிக் கொண்டது. தொழிற்கட்சி ஆதரவாளர்கள் பெருமளவில் லிபரல் ஜனநாயகக் கட்சிக்கு மாறியதால், தொழிற்கட்சி வேட்பாளர் கட்டுப்பணத்தையே இழந்தார். லிபரல் வேட்பாளர் சாரா ஓல்னி 1,872 வாக்குகளால் வென்றார்.

ஆறு மாதங்களின் பின், 2017 பொதுத் தேர்தலில், அதே தொகுதியை கோல்ட்ஸ்மித் 45 வாக்குகளால் மீட்டார். இடைத்தேர்தலில் ஒரே கேள்வியின் கீழ் ஒன்று சேரும் வாக்காளர், பொதுத் தேர்தலில் பிரதமர் யார், வரி எவ்வளவு, வைத்தியசாலை எப்படி என்று பல கேள்விகளோடு பிரிந்து போவார் என்பதை இது காட்டியது. 2019 இல் ஓல்னி 7,766 வாக்குகளால் மீண்டும் வென்றார்.

இரண்டாவது உதாரணம் வேல்ஸின் பிரெக்கன் அண்ட் ரட்னொர்ஷயர் இடைத்தேர்தல். 2019 ஓகஸ்ட் 1 ஆம் திகதி நடந்த இத்தேர்தலில் பிளைட் கம்ரி, பசுமைக் கட்சி இரண்டும் ஒதுங்கின. லிபரல் ஜனநாயகக் கட்சியின் ஜேன் டொட்ஸ் 1,425 வாக்குகளால் வென்றார். பிரதமராகப் பதவியேற்று ஒரு வாரம் மட்டுமே ஆகியிருந்த பொரிஸ் ஜோன்சனின் பாராளுமன்றப் பெரும்பான்மை ஒன்றாகக் குறைந்தது.

இந்த வெற்றியில் இன்னொரு எண்ணும் இருந்தது. நைஜல் ஃபராஜின் பிரெக்ஸிட் கட்சி அங்கு 3,331 வாக்குகளைப் பெற்றிருந்தது. அதாவது, வெற்றி வித்தியாசத்தை விட இரு மடங்குக்கும் கூடுதலான வாக்குகள் வெளியேறும் தரப்புக்குள்ளேயே பிரிந்து போயிருந்தன. நீடிக்கும் தரப்பு தன் ஒற்றுமையைக் கொண்டாடியது. எதிர்த்தரப்பு தன் பிளவை எண்ணிப் பார்த்தது.

ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் பல

2019 நவம்பர் 11 ஆம் திகதி ஃபராஜ் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். 2017 இல் கொன்சர்வேடிவ் கட்சி வென்ற 317 தொகுதிகளில் தமது கட்சி போட்டியிடாது என்பதே அது. ஒரே அறிவிப்பில், நாட்டின் ஏறத்தாழப் பாதித் தொகுதிகளில் வெளியேறும் தரப்பு வாக்காளருக்குத் தந்திரோபாயம் பற்றி யோசிக்கும் தேவையே இல்லாமல் போனது. டிசம்பரில் பிரெக்கன் தொகுதி 7,131 வாக்கு வித்தியாசத்தில் கொன்சர்வேடிவ் கட்சிக்குத் திரும்பியது.

மறுபக்கத்தில், லிபரல் ஜனநாயகக் கட்சி, பசுமைக் கட்சி, பிளைட் கம்ரி ஆகிய மூன்றும் 'யுனைட் டு ரிமெய்ன்' என்ற உடன்பாட்டின் கீழ் இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக 60 தொகுதிகளில் ஒருவருக்கொருவர் வழிவிட்டன. தொழிற்கட்சி இதில் சேரவில்லை. நீடிக்க விரும்பிய வாக்காளர்களின் மிகப் பெரிய பங்கைத் தன் கையில் வைத்திருந்த கட்சி இல்லாத உடன்பாடு அது.

தொழிற்கட்சிக்கும் ஒரு நியாயம் இருந்தது. அதன் வாக்காளர்களில் கணிசமானோர் வெளியேற வாக்களித்தவர்கள். வட இங்கிலாந்திலும் மத்திய இங்கிலாந்திலும் அதன் பாரம்பரியத் தொகுதிகள் பல வெளியேறும் பக்கம் நின்றவை. அதனால், புதிய ஒப்பந்தம் ஒன்றைப் பேசி அதை மறு வாக்கெடுப்புக்கு விடுவோம் என்ற நடுநிலைப்பாட்டை அது எடுத்தது. அந்த வாக்கெடுப்பில் தாம் நடுநிலை வகிப்பதாகத் தலைவர் ஜெரமி கோர்பின் கூறினார். லிபரல் ஜனநாயகக் கட்சியோ, தனக்குப் பெரும்பான்மை கிடைத்தால் மறு வாக்கெடுப்பு இல்லாமலேயே பிரெக்ஸிட்டை இரத்துச் செய்வதாக அறிவித்தது. இரு கட்சிகளும் ஐரோப்பிய சார்பு வாக்காளரிடம் கேட்டவை ஒன்றல்ல. எனவே 'நீடிக்கும் தரப்பின் வாக்கு' என்று ஒரே மூட்டையாக எதையும் கட்டக் கூடியதாக இருக்கவில்லை.

இரண்டாமிடம் யாருக்கு?

தந்திரோபாயமாக வாக்களிக்க விரும்புபவர் முதலில் விடை காண வேண்டிய கேள்வி, 'என் தொகுதியில் கொன்சர்வேடிவ் வேட்பாளரைத் தோற்கடிக்கக் கூடியவர் யார்?' என்பது. வழமையாக, கடந்த தேர்தலில் இரண்டாமிடம் பெற்ற கட்சியைப் பார்த்தால் போதும். 2019 இல் அது போதவில்லை. அவ்வாண்டு மே மாதம் நடந்த ஐரோப்பியப் பாராளுமன்றத் தேர்தலில் லிபரல் ஜனநாயகக் கட்சி தொழிற்கட்சியை முந்தி இரண்டாமிடம் பெற்றிருந்தது. பழைய முடிவு ஒன்றைச் சொன்னது. புதிய காற்று வேறொன்றைச் சொன்னது.

லண்டனின் மூன்று தொகுதிகளில் இந்தக் குழப்பம் அப்படியே தெரிந்தது. மூன்றிலும் வேறு கட்சிகளிலிருந்து வந்த பிரபலங்களை லிபரல் ஜனநாயகக் கட்சி நிறுத்தியிருந்தது.

சிட்டீஸ் ஒஃப் லண்டன் அண்ட் வெஸ்ட்மின்ஸ்டரில் 2017 இல் இரண்டாவதாக வந்தது தொழிற்கட்சி. 2019 இல், தொழிற்கட்சியிலிருந்து விலகி வந்த சுக்கா உமுன்னா லிபரல் வேட்பாளரானார். முடிவு: கொன்சர்வேடிவ் 17,049, உமுன்னா 13,096, தொழிற்கட்சி 11,624.

ஃபிஞ்ச்லி அண்ட் கோல்டர்ஸ் கிரீனில் 2017 இல் தொழிற்கட்சி வெறும் 1,657 வாக்குகளால் தோற்றிருந்தது. 2019 இல் அங்கு நின்ற லூசியானா பேர்ஜர், யூத எதிர்ப்பைத் தன் கட்சி கையாண்ட விதத்தைக் கண்டித்துத் தொழிற்கட்சியை விட்டு விலகியவர். யூத சமூகத்தினர் அதிகம் வாழும் தொகுதி அது. முடிவு: கொன்சர்வேடிவ் 24,162, பேர்ஜர் 17,600, தொழிற்கட்சி 13,347.

கென்சிங்டனில் தொழிற்கட்சி 2017 இல் 20 வாக்குகளால் வென்றிருந்தது. ஆனால் 2019 நவம்பரில் வெளியான தொகுதிக் கருத்துக்கணிப்பு ஒன்று, ஜிமா இரண்டாமிடத்திலும் பதவியிலிருந்த டென்ட் கோட் மூன்றாமிடத்திலும் இருப்பதாகக் காட்டியது. அதை நம்பி ஜிமாவுக்கு வாக்களித்தவர், தான் செய்வது தந்திரோபாய வாக்களிப்பு என்றே எண்ணியிருப்பார். டென்ட் கோட்டுக்கு வாக்களித்தவரும் அப்படியே எண்ணியிருப்பார். இருவரும் ஒரே நோக்கத்துக்காக எதிரெதிரான வேலையைச் செய்தார்கள்.

இந்த உத்தியின் அடிப்படைப் பலவீனம் இதுதான். ஒருவர் மட்டும் புத்திசாலித்தனமாக வாக்களித்துப் பயனில்லை. மற்றவர்களும் அதே வேட்பாளரைத் தெரிவு செய்வார்கள் என்ற உறுதி வேண்டும். அந்த உறுதியைத் தர ஒரு பொதுவான அடையாளம் தேவை.

இணையத்தளங்களும் பட்டை வரைபடங்களும்

அந்த அடையாளத்தைத் தருவதாகச் சொல்லிப் பல இணையத்தளங்கள் தோன்றின. பெஸ்ட் ஃபொர் பிரிட்டன் அமைப்பின் 'கெட் வோட்டிங்', ஜீனா மில்லரின் 'ரிமெய்ன் யுனைட்டட்' என்பன அவற்றில் சில. அஞ்சல் குறியீட்டை இட்டால், யாருக்கு வாக்களிக்க வேண்டும் என அவை பரிந்துரைத்தன. சில தொகுதிகளில் ஒரு தளம் தொழிற்கட்சி என்றது. இன்னொரு தளம் லிபரல் ஜனநாயகக் கட்சி என்றது. குழப்பத்தைத் தீர்க்க வந்தவை பலவாக இருந்ததே குழப்பமாயிற்று.

இத்தளங்களில் சில 'எம்.ஆர்.பி' எனப்படும் கணிப்பு முறையை நம்பின. நாடு முழுவதும் பல்லாயிரம் பேரிடம் கேட்டு, வயது, கல்வி, முந்தைய வாக்கு போன்ற பண்புகளின் அடிப்படையில் ஒவ்வொரு தொகுதியின் முடிவையும் மதிப்பிடும் முறை இது. 2017 இல் தொங்கு பாராளுமன்றத்தை முன்கூட்டியே காட்டியதால் 'யூகவ்' நிறுவனத்தின் எம்.ஆர்.பி கணிப்புக்கு 2019 இல் பெரும் மதிப்பு இருந்தது. நாடளாவிய படத்துக்கு அது பயனுள்ளது. ஆனால் பிரபலமான வேட்பாளர், உள்ளூர்ப் பிரச்சினை போன்றவை ஒரு தனித் தொகுதியை எப்படித் திருப்பும் என்பதை அது எப்போதும் பிடிப்பதில்லை.

ஊடகக் கல்வி பயின்ற எனக்கு மிகவும் ஆர்வமூட்டியது கட்சிகளின் துண்டுப்பிரசுரங்களில் வந்த பட்டை வரைபடங்கள். 'இங்கு வெல்லக் கூடியவர்கள் நாங்கள் மட்டுமே' என்று காட்டுவது லிபரல் ஜனநாயகக் கட்சியின் நீண்டகாலப் பழக்கம். 2019 இல் ஜேக்கப் ரீஸ்-மொக் போட்டியிட்ட வடகிழக்கு சொமர்செட்டில் அக்கட்சி வெளியிட்ட வரைபடம் பெரும் சர்ச்சையானது. அவரை லிபரல் வேட்பாளர் நெருங்கி வருவதாக அது காட்டியது. அடியில் சிறிய எழுத்தில் இருந்த கேள்வியைப் படித்தால் விடயம் புரியும். 'போட்டி கொன்சர்வேடிவ் கட்சிக்கும் லிபரல் ஜனநாயகக் கட்சிக்கும் இடையில்தான், வேறெவருக்கும் வாய்ப்பில்லை என்று கற்பனை செய்யுங்கள். அப்போது யாருக்கு வாக்களிப்பீர்கள்?' என்ற கருத்திலேயே வாக்காளரிடம் கேட்கப்பட்டிருந்தது. தேர்தல் முடிவில் லிபரல் கட்சி அங்கு மூன்றாமிடம். தந்திரோபாய வாக்காளர் தகவலை நம்பி நடப்பவர் என்பதால், திரிக்கப்பட்ட தகவலால் மற்றெவரையும் விட அதிகம் பாதிக்கப்படுபவரும் அவரே.

எங்கே பலித்தது?

பலித்த இடங்களும் உண்டு. கன்டபெரியில் தொழிற்கட்சியின் ரோஸி டஃபீல்ட் 2017 இல் 187 வாக்குகளால் வென்றவர், ஐரோப்பிய சார்பானவர். நீடிக்கும் வாக்கைப் பிரிக்க விரும்பவில்லை எனக் கூறி லிபரல் வேட்பாளர் டிம் வோக்கர் தாமாகவே விலகினார். கட்சி வேறொருவரை நிறுத்தியது. ஆனாலும் வாக்காளர்கள் வோக்கர் காட்டிய திசையிலேயே நகர்ந்தார்கள். டஃபீல்டின் பெரும்பான்மை 1,836 ஆக உயர்ந்தது.

வெளியுறவு அமைச்சராக இருந்த டொமினிக் ராப்பின் ஈஷர் அண்ட் வோல்ற்றனில் 2017 இல் அவரது பெரும்பான்மை 23,298. 2019 இல் அது 2,743 ஆகச் சுருங்கியது. 2017 இல் இரண்டாமிடத்திலிருந்த தொழிற்கட்சி, இம்முறை வெறும் 2,838 வாக்குகளையே பெற்றது. தொழிற்கட்சி ஆதரவாளர்கள் திரளாக லிபரல் வேட்பாளர் மொனிகா ஹார்டிங்கிடம் போயிருந்தார்கள். அவ்வளவு செய்தும் ராப் வென்றார். பிழிவதற்கு அதற்கு மேல் அங்கு எதுவும் மிச்சமிருக்கவில்லை.

விம்பிள்டனில் நிலைமை வேறு. கொன்சர்வேடிவ் 20,373, லிபரல் 19,745, தொழிற்கட்சி 12,543. வித்தியாசம் 628. தொழிற்கட்சி வாக்காளரில் இருபதில் ஒருவருக்குச் சற்று மேல் மாறியிருந்தால் போதும்.

மிகத் தெளிவான வெற்றி கிடைத்தது வட அயர்லாந்தில். நீடிக்க 55.8 வீதம் வாக்களித்த பிரதேசம் அது. வட பெல்ஃபாஸ்டில் எஸ்.டி.எல்.பி. ஒதுங்க, சின் ஃபெயினின் ஜோன் ஃபினூகன், பிரெக்ஸிட் ஆதரவு டி.யு.பி. கட்சியின் பிரதித் தலைவர் நைஜல் டொட்ஸை 1,943 வாக்குகளால் வென்றார். தென் பெல்ஃபாஸ்டில் சின் ஃபெயின் ஒதுங்க, எஸ்.டி.எல்.பி.யின் கிளேர் ஹன்னா பதினையாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளால் வென்றார். அங்கே கட்சிகள் மேலிருந்தே வழிவிட்டதால் வாக்காளர் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை. அதேவேளை அங்கு ஐரோப்பாவுடன் சேர்ந்து பழைய தேசிய அடையாளப் பிளவும் வேலை செய்தது என்பதை மறக்கக் கூடாது.

ஸ்கொட்லாந்தில் கணக்கு மேலும் சிக்கலானது. லிபரல் ஜனநாயகக் கட்சியின் தலைவர் ஜோ சுவின்சன் தன் தொகுதியிலேயே 149 வாக்குகளால் தோற்றார். அவரைத் தோற்கடித்தது இன்னொரு ஐரோப்பிய சார்புக் கட்சியான ஸ்கொட்லாந்து தேசியக் கட்சி. அங்கு முதன்மையான கேள்வி ஐரோப்பா மட்டுமல்ல, ஸ்கொட்லாந்தின் சுதந்திரமும்தான்.

வாக்கில்லாத ஐரோப்பியர்கள்

இந்தத் தேர்தலின் முடிவால் நேரடியாகப் பாதிக்கப்படவிருந்த ஒரு பெரும் பகுதியினருக்கு வாக்களிக்கும் தந்திரோபாயம் எதுவுமே இருக்கவில்லை. பிரித்தானியாவில் வாழும் ஐரோப்பிய ஒன்றிய நாட்டவர்கள் பொதுத் தேர்தலில் வாக்களிக்க முடியாது. 2016 வாக்கெடுப்பிலும் வாக்களிக்கவில்லை. அயர்லாந்து, மால்டா, சைப்பிரஸ் நாட்டவர் மட்டும் விதிவிலக்கு. ஆனால் பொதுநலவாய நாட்டவர், இலங்கையர் உட்பட, அங்கு சட்டபூர்வமாக வசித்தால் வாக்களிக்கலாம்.

இதன் விசித்திரத்தைத் தமிழ்க் குடும்பங்கள் நன்கு அறியும். ஜேர்மனி, நெதர்லாந்து, பிரான்ஸ், டென்மார்க் போன்ற நாடுகளில் குடியுரிமை பெற்ற பின் லண்டனுக்கும் ஏனைய பிரித்தானிய நகரங்களுக்கும் இடம்பெயர்ந்த ஈழத்தமிழர் ஏராளம். என் சின்னம்மா குடும்பமும் அப்படித்தான். நெதர்லாந்துக் கடவுச்சீட்டோடு பல ஆண்டுகளாக லண்டனில் வரி கட்டி வாழும் சின்னம்மாவுக்குப் பொதுத் தேர்தலில் வாக்கில்லை. படிக்கப் போய் இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்த, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருந்த உறவுக்காரத் தம்பிக்கு வாக்கு இருந்தது. ஐரோப்பாவோடான உறவு அறுந்தால் யாருடைய வதிவிட உரிமை கேள்விக்குள்ளாகுமோ, அவருக்குச் சொல்ல இடமில்லை. "உன்ர வாக்கையாவது யோசிச்சுப் போடு தம்பி" என்று அவனிடம் சொல்வதைத் தவிர அவர் செய்யக் கூடியது ஒன்றுமில்லை.

கூட்டல் கணக்கின் எல்லை

டிசம்பர் 12 இன் முடிவு: கொன்சர்வேடிவ் 43.6 வீதம், 365 ஆசனங்கள். தொழிற்கட்சி 32.1 வீதம், 202 ஆசனங்கள். லிபரல் ஜனநாயகக் கட்சி 7.4 வீதத்திலிருந்து 11.6 வீதமாக உயர்ந்தும் 11 ஆசனங்கள் மட்டுமே. மறு வாக்கெடுப்பை ஆதரித்த கட்சிகளின் வாக்குகளைக் கூட்டினால் பாதிக்குச் சற்று மேல் வரும். 2020 ஜனவரி 31 ஆம் திகதி பிரித்தானியா வெளியேறியது.

'எல்லோரும் ஒழுங்காகத் தந்திரோபாயமாக வாக்களித்திருந்தால் பிரெக்ஸிட் நின்றிருக்கும்' என்ற பேச்சு அதன் பிறகு அடிக்கடி எழுந்தது. நான் அதை முழுமையாக ஏற்கவில்லை. மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, வாக்குகளைக் கூட்டுவது போல வாக்காளரைக் கூட்ட முடியாது. தேர்தலுக்குப் பிந்தைய பெரிய கருத்துக்கணிப்புகளின்படி, 2016 இல் நீடிக்க வாக்களித்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் 2019 இல் கொன்சர்வேடிவ் கட்சிக்கே வாக்களித்தார். அவர்களில் பலருக்கு பிரெக்ஸிட்டை விடக் கோர்பின் பிரதமராவது பெரிய அச்சம். ஃபிஞ்ச்லியில் பேர்ஜருக்கு வாக்களித்த பலர், அவர் நிற்காவிட்டால் தொழிற்கட்சிக்குப் போயிருக்க மாட்டார்கள். கென்சிங்டனில் ஜிமாவின் வாக்காளரில் முன்னாள் கொன்சர்வேடிவ் ஆதரவாளர்களும் இருந்திருப்பார்கள். அவரும் அக்கட்சியின் முன்னாள் அமைச்சர்தானே. அதே தொகுதியில்தான் 72 பேரைப் பலிகொண்ட கிரென்ஃபெல் கோபுரமும் இருந்தது. அங்குள்ள எல்லோருக்கும் ஐரோப்பா மட்டுமே முதற் கேள்வியாக இருந்திருக்க முடியாது.

இரண்டாவது, புவியியல். நாடளாவிய ரீதியில் 48 வீதம் பெற்ற நீடிக்கும் தரப்பு, மதிப்பீடுகளின்படி 400 க்கும் மேற்பட்ட தொகுதிகளில் சிறுபான்மை. அவர்களது வாக்குகள் லண்டன், ஸ்கொட்லாந்து, பல்கலைக்கழக நகரங்கள் ஆகியவற்றில் குவிந்திருந்தன. தொழிற்கட்சியின் பழைய கோட்டைகள் வீழ்ந்த இடங்களில் பலவற்றில் வாக்கு நேரடியாகவே கொன்சர்வேடிவ் பக்கம் போயிருந்தது. அங்கு எந்தத் தந்திரோபாயமும் உதவியிருக்காது.

மூன்றாவது, வெளியேறும் தரப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் ஒரே கட்சியின் கீழ் நின்றார்கள். நீடிக்கும் தரப்பில் ஏறத்தாழப் பாதிப் பேரே தொழிற்கட்சியில். ஒரு தரப்புக்குத் தலைமை இருந்தது. மறுதரப்புக்கு இணையத்தளங்கள் இருந்தன.

ஆகவே கென்சிங்டன், விம்பிள்டன் போன்ற சில தொகுதிகள் மாறியிருக்கும். 80 ஆசனப் பெரும்பான்மை குறைந்திருக்கும். தலைகீழாகியிருக்கும் என்று சொல்ல எண்கள் இடம் தரவில்லை.

2024 சொல்லும் பாடம்

2024 ஜூலை 4 தேர்தலில் லிபரல் ஜனநாயகக் கட்சி பெற்றது 12.2 வீதம். 2019 ஐ விட அரை வீதத்துக்குச் சற்றே அதிகம். ஆசனங்களோ 72. விம்பிள்டனும் ஈஷரும் அக்கட்சிக்குக் கிடைத்தன. கென்சிங்டன், வெஸ்ட்மின்ஸ்டர், ஃபிஞ்ச்லி பகுதிகள் தொழிற்கட்சிக்குக் கிடைத்தன. இம்முறை தொழிற்கட்சியும் லிபரல் கட்சியும் எழுதப்பட்ட உடன்பாடு எதுவும் செய்யவில்லை. ஆனால் தத்தமது வலுவான தொகுதிகளிலேயே உழைப்பைக் குவித்தன. யார் எங்கே இரண்டாமிடம் என்பது 2019 முடிவுகளிலேயே தெளிவாக இருந்தது. வலதுசாரி வாக்குகள் ஃபராஜின் ரிஃபோர்ம் கட்சியால் பிளந்திருந்தன. 2019 இல் எந்த மூன்று விடயங்கள் குறைவாக இருந்தனவோ, அவை மூன்றும் 2024 இல் இருந்தன.

ஆனால் இந்த வெற்றிக்குள்ளும் ஒரு விலை ஒளிந்திருக்கிறது. ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி, ஐரோப்பிய ஒற்றைச் சந்தைக்கோ சுங்க ஒன்றியத்துக்கோ திரும்புவதில்லை என்று தேர்தலுக்கு முன்பே அறிவித்திருந்தது. கொன்சர்வேடிவ் கட்சியை அகற்றத் தந்திரோபாயமாக வாக்களித்த ஐரோப்பிய சார்பு வாக்காளர், தான் விரும்பாதவரை அகற்றினார். தான் விரும்பியதைப் பெறவில்லை. தந்திரோபாய வாக்கு 'யார் வேண்டாம்' என்பதைச் சத்தமாகச் சொல்லும். 'எது வேண்டும்' என்பதை அதனால் சொல்ல முடியாது. வென்றவரும் அந்த வாக்கைத் தன் கொள்கைக்குக் கிடைத்த ஆதரவாகவே எண்ணிக் கொள்வார்.

இந்தச் சிக்கலைப் பெருமளவு தளர்த்தக் கூடிய முறை ஒன்றை பிரித்தானியர் 2011 மே 5 ஆம் திகதி வாக்கெடுப்பில் நிராகரித்தார்கள். வேட்பாளர்களை 1, 2, 3 என வரிசைப்படுத்தும் மாற்று வாக்கு முறைக்கு 67.9 வீதத்தினர் எதிராக வாக்களித்தனர். அதற்கு நெருங்கிய ஒரு முறை இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் பல தசாப்தங்களாக இருக்கிறது. 2024 செப்டெம்பரில் முதன்முறையாக இரண்டாம் விருப்பு வாக்குகள் எண்ணப்படும் வரை அதை நம்மில் பலர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பிடித்தவருக்கு முதல் வாக்கு, பிடிக்காதவரைத் தடுக்க இரண்டாவது வாக்கு: கென்சிங்டன் வாக்காளருக்குக் கிடைக்காத வசதி அது. அடுத்த முறை வாக்குச்சீட்டைக் கையில் எடுக்கும் போது அந்த இரண்டாவது கட்டத்தை வெறுமையாக விடலாமா என்று ஒருமுறை யோசிப்பது நல்லது.